குதிரை கதவைக் கவ்வுகிறதா, ஆடிக்கொண்டே நிற்கிறதா? லாயப் பழக்கங்களைக் கையாளும் முறை

லாயத்துக்குள் நுழைகிறீர்கள். ஒரு குதிரை கதவின் மேல் விளிம்பை முன்பற்களால் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்து, 'க்ர்க்' என்று காற்றை இழுக்கிறது. பக்கத்து அறையில் இன்னொன்று தலையை இடமும் வலமுமாக ஆட்டியபடியே நிற்கிறது. மூன்றாவது, வாளிச் சத்தம் கேட்டதும் கதவை உதைக்கிறது. புதிதாகக் குதிரை பராமரிக்க வருபவர்கள் இந்த மூன்றையும் 'கெட்ட பழக்கம்' என்று ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு, நிறுத்துவதற்கு என்ன சாதனம் வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். கழுத்துப் பட்டை, காரப் பசை, கதவுக் கம்பி எல்லாமே கடையில் கிடைக்கும். அவற்றை வாங்குவதற்கு முன்னால், அந்தக் குதிரையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான லாயங்களில் பதில் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

வாய் எத்தனை மணி நேரம் சும்மா இருக்கிறது?

திறந்த மேய்ச்சலில் இருக்கும் குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் மேயும். இரண்டு கடி, ஓர் அடி நகர்வு, மறுபடி இரண்டு கடி. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது. 500 கிலோ குதிரைக்கு 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். உள்ளே தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஆக, குதிரைக்கு மெல்லுவது பசியாறுவதற்கு மட்டுமான வேலை இல்லை. வயிற்றைக் காக்கும் வேலையும் அதுதான்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்று முடிக்கச் சுமார் 40 நிமிடம் ஆகும். தானியம் போன்ற செறிவான தீனியான அடர்தீவனம் ஒரு கிலோ 10 நிமிடத்தில் காலி. ஒரு குதிரைக்கு நாளுக்கு 5 கிலோ புல்லும் 4 கிலோ அடர்தீவனமும் போடுகிறீர்கள் என்றால் 200 நிமிடமும் 40 நிமிடமும் சேர்ந்து 4 மணி நேரம். சவாரிக்கு ஒரு மணி நேரம், தேய்த்துக் குளிப்பாட்ட அரை மணி நேரம் என்று கழித்தாலும், 18 மணி நேரத்துக்கு மேல் நான்கு சுவருக்குள் வெறும் வாயோடு நிற்கிறது. உடம்பில் சத்துக் குறையாது, எடையும் சரியாக இருக்கும். அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

முதல் வேலை: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

பழக்கத்தின் பெயரைவிட அது வரும் நேரம்தான் அதிகம் சொல்லும். மூன்று நேரங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் தள்ளி நின்று எண்ணுங்கள்: தீனி நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு, அடர்தீவனம் தின்று முடித்தவுடன், பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுபோகும்போது. எத்தனை முறை கவ்வியது, எத்தனை முறை ஆடியது என்று கதவோரம் தொங்கும் அட்டையில் குறித்து வையுங்கள். உங்களைப் பார்த்ததும் சில குதிரைகள் நிறுத்திவிடும், சில தொடங்கும். ஆகவே எட்டாத உயரத்தில் கைபேசியைப் பொருத்தி, ஓர் இரவாவது படம் பிடியுங்கள். நள்ளிரவில் நடப்பது பகலில் தெரிவதைவிட முற்றிலும் வேறாக இருக்கலாம்.

எண்ணிக்கையைப் படிக்கும் விதம் இது. ஆடுவது தீனிக்கு முன்பும் துணைக் குதிரை போகும்போதும் உச்சத்துக்குப் போகும். கவ்விக் காற்றிழுப்பது அடர்தீவனம் தின்ற பிறகு கூடும். இரவு முழுக்க மரத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் மாலையில் வைத்த புல் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது என்று அர்த்தம். உங்களைக் கண்டவுடன் மட்டும் கதவை உதைத்தால் அது உங்களிடம் எதையோ கேட்கிறது.

இந்த ஒரு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. இதுவரை செய்யாத குதிரை திடீரென்று தரையைப் பிராண்டுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது, சாணம் போடவில்லை என்றால் அது கோலிக் என்ற வயிற்றுவலியாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தன் விலாவையோ மார்பையோ தானே கடித்துக் காயப்படுத்திக்கொண்டாலும், ஒரே பக்கமாகத் திடீரென்று சுற்றத் தொடங்கினாலும் அப்படித்தான். அடர்தீவனத்தைப் பாதியில் விட்டுவிடுவது, சேணத்தின் வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருவது, பல்லை நறநறப்பது ஆகியவை இரைப்பைப் புண்ணின் அறிகுறியாக இருக்கலாம். அதை உறுதி செய்ய எண்டோஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவியால் இரைப்பையைப் பார்க்க வேண்டும். ஊகித்து மருந்து கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வேலை: தீனியை நாள் முழுக்கப் பரப்புங்கள்

எந்தப் பழக்கமாக இருந்தாலும் தொடக்கம் இதுதான். உடல் எடையில் 2 சதவீதம் வரை நார்த்தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ காய்ந்த புல். கண்ணளவு வேண்டாம். ஒரே அளவில் தெரியும் இரண்டு கட்டுகளுக்கு இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள்.

பங்கு போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். காலையிலும் மாலையிலும் சரிபாதியாகப் போட்டால் மாலைப் பங்கு இரவு 10 மணிக்கே தீர்ந்துவிடும். காலை 6 மணிக்கு 2 கிலோ, 11 மணிக்கு 2 கிலோ, மாலை 4 மணிக்கு 2 கிலோ, இரவு 9 மணிக்கு 4 கிலோ என்று வைத்துப் பாருங்கள். புல் இல்லாத இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பதுதான் குறிக்கோள்.

இரவுப் பங்கு நீண்ட நேரம் வர, சிறு கண் புல் வலை உதவும். கண்ணின் அகலம் 3 முதல் 4 சென்டிமீட்டர் இருந்தால் குதிரை உதட்டால் இழுத்து இழுத்துத்தான் எடுக்க முடியும். முதல் நாளே எல்லாப் புல்லையும் அதில் திணித்துவிடாதீர்கள். எடுக்கத் தெரியாத குதிரை எரிச்சலில் வலையையே குதறும். நான்கைந்து நாள் பாதியைத் தரையில் பரப்பி, மீதியை வலையில் வையுங்கள். வலையைக் கட்டும் உயரமும் முக்கியம்: காலியானபின் கீழே தொங்கும் வலையில் கால் சிக்கக் கூடாது. லாடத்தின் விளிம்பில் நூல் மாட்டினால் குதிரை பதறிப் பின்னுக்கு இழுத்துக் காலை முறித்துக்கொள்ளும். கண் உயரத்துக்கு மேலே கட்டினால் தூசி மூக்கிலும் கண்ணிலும் விழும். இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டு, முடிச்சின் வாலை வலைக்கண்ணுக்குள் செருகி விடுங்கள்; இல்லையென்றால் குதிரையே அவிழ்த்துவிடும். லாடம் கட்டாத குதிரைக்கு, விளிம்பு மழுக்கிய ஆழமான பெட்டிக்குள் வலையைப் பொருத்தித் தரையிலேயே வைக்கலாம். தலை தாழ்த்தித் தின்பது அதற்கு இயல்பான நிலை.

குதிரை பருமனாக இருக்கிறது, 10 கிலோ போட்டால் இன்னும் ஊதிவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு முதலில் குறைக்க வேண்டியது அடர்தீவனம். அதன்பின், முற்றிய, தண்டு மிகுந்த புல்லுக்கு மாறுங்கள். மென்மையான இளம் புல்லைவிட அதில் சத்துக் குறைவு, மெல்லும் நேரம் அதிகம்.

அடர்தீவனம் தேவைப்படும் குதிரைக்கு ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். 4 கிலோ கொடுக்க வேண்டியிருந்தால் மூன்று வேளையாக்குங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு கொஞ்சம் புல் வைத்துவிட்டால் உமிழ்நீர் ஊறி, வயிறு தயாராக இருக்கும். வாளியைக் கண்டு பரபரப்பதும் தணியும். எந்த மாற்றத்தையும் 7 முதல் 14 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். குடலில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரும். நாளுக்கு 25 கிராம் சாதாரண உப்பும், எப்போதும் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். 500 கிலோ குதிரை 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் அதற்கும் மேலே போகும்.

மூன்றாவது வேலை: துணையும் வெளிக்காற்றும்

குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. மற்றொரு குதிரையைப் பார்ப்பது, முகர்வது, பிடரியை ஒன்றுக்கொன்று பல்லால் நெருடிக்கொள்வது ஆகியவை அதற்குத் தீனிக்கு அடுத்த தேவை. அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரின் மேல்பாதியைக் கம்பித் தடுப்பாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். பின்சுவரில் ஒரு ஜன்னல் திறந்தாலே பல குதிரைகளிடம் மாற்றம் தெரியும். எந்த இரண்டை அடுத்தடுத்து வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். காதைப் பின்னுக்கு மடக்கிச் சுவரை உதைக்கிற ஜோடியை மாற்றி வையுங்கள்.

வெளியே விடுவதற்குப் பச்சைப் புல்வெளி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேலி போட்ட மணல் திடலில் நான்கைந்து இடத்தில் புல் குவியல் வைத்தால், குதிரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துகொண்டே தின்னும். இரண்டு குதிரைக்கு மூன்று குவியல் என்று ஒன்று கூடுதலாக இருந்தால் சண்டை குறையும். பல மாதம் அடைந்தே கிடந்த குதிரையை ஒரேயடியாக அவிழ்த்து விட்டால் தலைகால் தெரியாமல் ஓடித் தசைநாரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் சவாரியோ நடையோ முடித்தபின், அமைதியான துணையோடு 20 முதல் 30 நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். திடலில் செழித்த பச்சைப் புல் இருந்தால் 15 நிமிடத்தில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டுங்கள். அவசரப்பட்டால் குளம்பு வீக்க நோய் வரும், அது வந்தால் ஆயுசுக்கும் தொல்லை.

கவ்விக் காற்றிழுப்பது

கிரிப் பைட்டிங் என்று சொல்லப்படும் இந்தப் பழக்கத்தைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். மேல் முன்பற்கள் கதவு விளிம்பில் பதியும். தாடைக்குக் கீழே கழுத்தின் அடித்தசைகள் கயிறுபோலப் புடைக்கும். கழுத்து பின்னுக்கு வளையும், ஓர் உறுமல் கேட்கும். விளிம்பில் எச்சில் காய்ந்த வெள்ளைத் தடமும், பல் பதிந்து தேய்ந்த அரைவட்டப் பள்ளமும் இருக்கும். எதையும் கவ்வாமலே இதைச் செய்யும் குதிரைகளும் உண்டு. அதற்கு விண்ட் சக்கிங் என்று பெயர்.

'காற்றை விழுங்கி வயிறு ஊதிவிடுகிறது' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால், காற்று உணவுக்குழாயின் மேல்பகுதிக்குள் புகுந்து, அதில் பெரும்பகுதி தொண்டை வழியாகவே திரும்பிவிடுகிறது. ஆனாலும் அபாயம் இல்லாமல் இல்லை. இப்படிக் கவ்வும் குதிரைகளுக்குச் சில வகைக் கோலிக் அதிகமாக வருகிறது. கல்லீரலுக்கு அருகேயுள்ள சிறு துவாரத்தில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்வது அவற்றில் ஒன்று, அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைக்காது. எனவே இப்படிப்பட்ட குதிரை லேசாக வயிற்றுவலி காட்டினாலும் 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள்.

தீனியைப் பரப்பியபின் இதற்கென்று தனியாகச் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தானியத்தையும் வெல்லப்பாகு கலந்த இனிப்புத் தீவனத்தையும் குறைப்பது. இனிப்பான, ருசியான தீவனம் தின்றவுடன் கவ்வுவது கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். வேலை செய்யும் குதிரைக்குச் சக்தி வேண்டுமென்றால் ஊறவைத்த சர்க்கரை பீட் கிழங்குச் சக்கை, தாவர எண்ணெய் போன்றவற்றால் கொஞ்சம் ஈடுகட்டலாம். எண்ணெயை 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் 250 மில்லிக்குக் கொண்டுபோகலாம். கூடவே வைட்டமின் ஈ சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவது, இரைப்பைப் புண் இருக்கிறதா என்று பரிசோதிப்பது. மூன்றாவது, பல்லைக் காப்பது. மேல் முன்பற்களின் வெளிவிளிம்பு சாய்வாகத் தேயும். முற்றினால் புல்லைக் கடித்து எடுக்கவே முடியாமல் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை வேண்டும். அது வழக்கமாகக் கவ்வும் இடத்தில் தடித்த ரப்பர் பட்டையைப் பொருத்திவிடுங்கள். இங்கே இரும்புத் தகடு அடிப்பவர்கள் மரத்தைக் காப்பாற்றிப் பல்லைக் கெடுக்கிறார்கள்.

'நிறுத்தச் சொன்னால் கவ்வ வசதி செய்து தரச் சொல்கிறீர்களே' என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஊறிய கவ்வல், காரணம் நீங்கிய பிறகும் முழுக்கப் போகாது. குதிரை தன் படபடப்பைத் தணித்துக்கொள்ள வைத்திருக்கும் வழி அது. வழியை அடைத்தால் படபடப்பு போய்விடாது.

கழுத்துப் பட்டையின் கதை இதுதான். தொண்டைப் பகுதியில் இறுக்கமாகக் கட்டும் தோல் பட்டை, கழுத்தை வளைக்க விடாமல் அழுத்துகிறது. கட்டியிருக்கும்வரை பல குதிரைகள் நிறுத்துகின்றன. கழற்றியதும் முன்னைவிட அதிகமாகக் கவ்வுகின்றன. உள்ளே தேவை அப்படியே சேர்ந்து கிடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடிக்கடி கோலிக் வருகிறது, பல் ஈறுவரை தேய்ந்துவிட்டது என்ற நிலையில் மருத்துவர் சொன்னால் மட்டும் கட்டுங்கள். அப்போதும் தினமும் இருமுறை கழற்றி, காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழும் தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆணி முனை வைத்த பட்டை, மின் அதிர்ச்சி தரும் பட்டை இரண்டும் வேண்டவே வேண்டாம். கழுத்துத் தசையையும் நரம்பையும் வெட்டும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அதன் பலன் குதிரைக்குக் குதிரை மாறும், எல்லா வழியும் பார்த்தபின் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது.

ஆடுவதும் அறையைச் சுற்றுவதும்

வீவிங் என்று சொல்லப்படும் இந்த ஆட்டத்தைச் செய்யும் குதிரை பெரும்பாலும் கதவருகேதான் நிற்கும். தலையும் கழுத்தும் ஊசலாட, எடை ஒரு முன்காலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். கதவுக்குக் கீழே, இரண்டு குளம்பும் பதியும் இடத்தில் தரை குழிந்திருக்கும். நாள்பட்டால் முன்கால் மூட்டுகளில் தேய்மானமும் லாடத்தில் ஏறுமாறான தேய்வும் வரும். லாடம் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதவின் மேல்பாதியில் V வடிவக் கம்பி பொருத்துவது பழைய வைத்தியம். கழுத்தை நீட்டி ஆட இடமில்லாததால் குதிரை உள்ளே தள்ளி நின்று ஆடுகிறது, அவ்வளவுதான். அதோடு தலையை வெளியே நீட்டி அக்கம்பக்கம் பார்க்கும் சுகமும் போய்விடுகிறது. பார்வையை அடைப்பதற்குப் பதிலாகத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையைவிட, பல பக்கமும் பார்க்க முடிகிற அறையில் ஆடுவது குறைகிறது. பக்கத்துக் குதிரையின் முகம் தெரிந்தால் இன்னும் நல்லது.

துணைக்கு வழியே இல்லாத இடத்தில் கண்ணாடி உதவியிருக்கிறது. வீட்டுக் கண்ணாடி கூடாது. உடையாத அக்ரிலிக் பலகை அல்லது மெருகேற்றிய எவர்சில்வர் தகடு, ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் இருக்கட்டும். தலை தெரியும் உயரத்தில், விளிம்பு துருத்தாமல் சட்டம் போட்டு, சுவரோடு ஒட்டித் திருகாணியால் இறுக்குங்கள். தீனித் தொட்டிக்கு அருகே வேண்டாம். தன் பங்குக்கு வேறொரு குதிரை வருகிறது என்று நினைத்து ஆத்திரப்படும். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். காது மடங்கி, பல்லைக் காட்டினால் கழற்றிவிடுங்கள். ஆண் குதிரைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

தீனி நேரத்தில் ஆடும் குதிரையைக் கடைசிவரை காத்திருக்க வைக்காதீர்கள். பத்து அறைக்கு வாளி போய்ச் சேர்வதை அது பார்த்துக்கொண்டே நிற்பது பெரிய வேதனை. வாளிகளைக் கண்ணில் படாமல் கலந்து வைத்து, எல்லோருக்கும் முதலில் புல்லைப் போட்டுவிட்டு, பிறகு அடர்தீவனத்தோடு மளமளவென்று வரிசையை முடித்துவிடுங்கள்.

அறையைச் சுற்றிச் சுற்றி நடக்கும் குதிரைக்கும் இதே மருந்துதான், ஆனால் வெளியே விடும் நேரம் இங்கே இன்னும் முக்கியம். காலையில் பார்த்தால் படுக்கைப் பொருள் நடுவில் குவிந்து, சுவரோரம் வட்டப் பாதை வெறுமையாக இருக்கும். எடை குறையும், ஒரு பக்கத் தசை விறைக்கும். கட்டிப்போட்டால் நடை நிற்கும், பதற்றம் நிற்காது, ஆடத் தொடங்கிவிடும். நடக்கும் பாதையில் டயர்களைப் போட்டுத் தடுப்பவர்கள் தடுக்கி விழும் குதிரைக்கும் வழி செய்கிறார்கள். அறை 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டராவது இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

மரத்தைக் கடிப்பது

கவ்வுவதையும் கடிப்பதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. மரம் கடிக்கும் குதிரை காற்றை இழுக்காது, உறுமாது. சுரண்டி, பெயர்த்து, சில சமயம் விழுங்கும். கீழே சிராய் சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் நார் போதவில்லை என்பதே காரணம், புல்லைக் கூட்டினால் வேகமாகக் குறையும். விளிம்புகளுக்கு இரும்புக் கோணத் தகடு இங்கே பொருந்தும். நஞ்சில்லாதது என்று உறுதியாகத் தெரிந்த மரக்கிளைகளைக் கடிக்கக் கொடுக்கலாம், வில்லோவும் ஆப்பிளும் சரி. அரளியின் சில இலைகளே குதிரையைக் கொல்லப் போதும். லாயத்தின் அருகே அது இருக்கவே கூடாது. ஈயம் கலந்த பழைய வண்ணம், கரையான் மருந்து ஏற்றிய பலகை இவற்றையும் மாற்றிவிடுங்கள். மிளகாய்க் காரம் கலந்த பசைகளை முயல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதிலுள்ள கேப்சைசின் சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் தடை செய்யப்பட்ட பொருள். போட்டிக் குதிரையின் அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கதவை உதைப்பது

இது மட்டும் பெரும்பாலும் நாமே கற்றுக்கொடுப்பது. உதைத்தது, நீங்கள் ஓடிவந்து அதட்டினீர்கள், அல்லது சத்தம் பொறுக்காமல் தீனியை முதலில் போட்டீர்கள். குதிரைக்கு இரண்டுமே வெற்றிதான்.

தீனி நேரத்தில் உதைத்தால் திரும்பிப் பார்க்காமல் நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் இருந்து மூன்று வினாடி அமைதி வந்ததும் போடுங்கள். மறுநாள் ஐந்து வினாடி, பிறகு பத்து. நடுவில் இரண்டு மூன்று நாள் உதை முன்னைவிட மோசமாகும். பழைய வித்தை ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயல்கிறது. அந்த நாளில் பொறுமையிழந்து தீனியைப் போட்டால், இன்னும் பலமாக உதைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். லாயத்தில் வேலை செய்யும் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால் இது நடக்கவே நடக்காது. அதுவரை கதவின் உட்புறத்தில் தடித்த ரப்பர் விரிப்பை அடித்துவிடுங்கள். முழங்காலும் பின்கால் மூட்டும் தப்பிக்கும், சத்தமும் மங்கும்.

கடிபடும் விரலுக்கும் இதே பாடம். கதவோரம் நின்று கையால் தின்பண்டம் கொடுப்பதை எல்லோரும் நிறுத்தினால், நெருங்கியவுடன் கடிக்க வருவது குறையும். தர நினைத்ததை வாளியில் போடுங்கள்.

போர்வையைக் கிழித்தால் முதலில் அதைக் கழற்றி, புழுக்கமா, பேன் தொல்லையா, தோலில் அரிப்பா என்று பாருங்கள். வாலைச் சுவரில் தேய்த்தால் ஊசிப்புழுவோ கொசு போன்ற சிறு பூச்சிகளின் கடியோ காரணமாக இருக்கலாம். சாணம் தின்பது இளங்குட்டிகளுக்கு இயல்பு. வளர்ந்த குதிரை தின்றால் நாரும் புரதமும் போதுமா என்று தீனியைப் பாருங்கள். வைக்கோல் படுக்கையை முழுக்கத் தின்றுவிடும் குதிரைக்குப் பசி என்று அர்த்தம், ஆனால் அளவுமீறினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

குட்டிகளிடம் தொடங்குவதற்கு முன்பே

2002-ல் வெளியான ஓர் ஆய்வு 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. கவ்வும் பழக்கம் நடுமதிப்பாக 20 வார வயதிலேயே தொடங்கியிருந்தது. ஆடுவது 60 வாரத்தை ஒட்டி. தாயிடமிருந்து பிரித்தவுடன் அடர்தீவனம் கொடுத்த குட்டிகளிடம் கவ்வுவது நான்கு மடங்காக இருந்தது. லாயத்துக்குள் அடைத்துப் பிரித்தவற்றிடம், திடலில் பிரித்தவற்றைவிட இத்தகைய பழக்கங்கள் அதிகம். குட்டி வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்து, திடலில், பழகிய மற்ற குட்டிகளோடு விட்டு, தாய்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். புல்தான் முதன்மைத் தீனியாக இருக்கட்டும்.

'பார்த்துக் கற்றுக்கொள்ளும்' என்று பயந்து, கவ்வும் குதிரையைத் தனியே ஒதுக்கி அடைக்கிறார்கள். அப்படிப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒரே லாயத்தில் பல குதிரை கவ்வினால், எல்லாம் ஒரே தீனியையும் ஒரே அடைப்பையும் அனுபவிக்கின்றன என்பதுதான் பெரும்பாலும் விளக்கம். ஒதுக்கி வைத்தால் அந்தக் குதிரையின் நிலை மோசமாகும்.

எவ்வளவு நாளில் தெரியும்?

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள்: முதலில் தீனி, இரண்டு வாரம் கழித்து வெளியே விடும் நேரம், பிறகு அறை மாற்றம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதல் வாரத்தில் எடுத்த அதே மூன்று நேர எண்ணிக்கையை 3-ம் வாரத்திலும் 8-ம் வாரத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் 30 முறை கவ்வியது 12 ஆகியிருந்தால் அது நல்ல முன்னேற்றம். சில மாதம் முன்பு தொடங்கிய பழக்கம் முழுக்க மறையலாம். பத்து வயதுக் குதிரையின் பழக்கம் குறையும், பதற்றமான நாளில் திரும்பி வரும். பயணம், துணை மாற்றம், காயத்துக்காக அறைக்குள் ஓய்வு போன்ற சமயங்களில் எண்ணிக்கை ஏறினால் மிரள வேண்டாம். அந்த நாள்களில் புல்லை இன்னும் சிறு பங்குகளாகப் பிரித்து, அடர்தீவனத்தைக் குறைத்து, பார்வையில் ஒரு துணை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய குதிரையை வாங்க நேர்ந்தால், தீனி நேரத்துக்குச் சற்று முன்னால் போய், அடர்தீவனம் தின்று அரை மணி நேரம் ஆகும்வரை நில்லுங்கள். மேல் உதட்டை விலக்கி முன்பற்களின் விளிம்பைப் பாருங்கள், கதவு விளிம்பையும் அதன் கீழே தரையையும் பாருங்கள், கழுத்தில் பட்டை கட்டிய தேய்மானம் இருக்கிறதா என்று தடவுங்கள். இதற்கு முன் கோலிக் வந்ததுண்டா என்று நேராகக் கேளுங்கள். வாங்குவது என்று முடிவானால், அது இப்போது தின்னும் புல்லிலிருந்தே 10 நாளைக்குப் போதுமானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் முதல் இரவு அதன் வாய்க்குப் பழகிய புல் 4 கிலோவாவது வலையில் இருக்கட்டும்.